குழாய் நின்ற பிறகு சொன்னது

முதலில் ஒரு மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய குப்பைமேடு போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அந்த ஐந்தாம் வகுப்பிலும் பாதி நாள் மாட்டின் பின்னால்தான் இருந்தேன். பெரிய 'ற' எங்கே, சின்ன 'ர' எங்கே என்பது இன்றைக்கும் எனக்குக் குத்துமதிப்புதான். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு என் மகள், "அப்பா, இதை அச்சுக் கோக்குறவரு படிச்சா வேலையே வேணாம்னு ஓடிருவாரு" என்றாள். அவளே திருத்தி எழுதித் தருகிறாள். அவள் கண்ணுக்கும் தப்பியது ஏதாவது இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நாகல் நகர்ப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் சைக்கிளுக்கு மட்கார்டு தேடிக்கொண்டிருந்தேன். தகரக் குவியலுக்கு நடுவில் ஒரு குழாய் ஸ்பீக்கர் வானத்தைப் பார்த்து வாயைத் திறந்தபடி கிடந்தது. முந்தின நாள் மழைத்தண்ணீர் உள்ளே தேங்கியிருந்தது. விளிம்பில் உட்கார்ந்து ஒரு காக்கை குடித்துக்கொண்டிருந்தது. விரட்டிவிட்டுத் திருப்பிப் பார்த்தேன். உரிந்துபோன பச்சைப் பெயிண்ட். அடியில் வெள்ளையில் 'கா' என்ற எழுத்து, கால் கொஞ்சம் கோணலாக. அந்தக் கோணல் என்னுடையது. வாலிபத்தில் நான் வேலை பார்த்த காதர் பாயின் குழாய்களுக்கெல்லாம் நான்தான் எழுத்துப் போட்டேன்.

"வேணும்னா எடுத்துக்கங்கண்ணே. கோழிக்குத் தீவனம் வைக்க நல்லாருக்கும்" என்றார் கடைக்காரர்.

வேண்டாம் என்று வந்துவிட்டேன். ஆனால் மூக்கு கேட்கவில்லை. வால்வு ஆம்ப்ளிஃபயர் சூடேறும்போது ஒரு வாசனை வரும், உங்களில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. உள்ளே கண்ணாடிக் குமிழ்கள் கனல ஆரம்பித்ததும் அவற்றின்மேல் படிந்த தூசி வறுபடும். வெறும் சட்டியில் மல்லி வறுப்பது போலத் தொடங்கி, மயிர் கருகுவது போல முடியும். என் வாலிபம் முழுக்க அந்த வாசனைதான். வீட்டுக்குப் போனால் என் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, இன்றைக்குக் கல்யாணமா கச்சிக் கூட்டமா என்று என் மனைவி கேட்பாள். அதிக நேரம் பேசினால் அதிகம் கருகும். கச்சிக் கூட்டத்துச் சட்டை தனியாகத் தெரியும்.

காதர் பாயின் மைக் செட் கடை பேகம்பூரில் இருந்தது. தோல் பதனிடும் ஷாப்புகளிலிருந்து காற்று அடிக்கும் நாளில் சுண்ணாம்பும் ஊறின பட்டையும் சேர்ந்து நாறும். மற்ற நாளில் பக்கத்துக் கடையின் நெய்ச்சோறு மணக்கும். செம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலை தேடி வந்த என்னை அவர் சேர்த்துக்கொண்டதற்கு ஒரே காரணம், நான் மரம் ஏறுவேன் என்பது. குழாய் கட்ட மரம் ஏற வேண்டும். வாய் பேச வேண்டிய வேலையும் அதில் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. மைக்கை வைத்ததும், "ஹலோ, ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொல்லிப் பார்க்க வேண்டும். எனக்கு அது வரவே இல்லை. என் குரல் அத்தனை பெரிதாகத் திரும்பி வருவதைக் கேட்டால் காது சுட்டுவிடும். நகத்தால் தட்டிப் பார்ப்பேன், ஊதிப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

"ஏலே, ஊருக்கே தொண்டையை வாடகைக்கு விடுற கடையில ஒனக்கு மட்டும் தொண்டை இல்லாமப் போச்சே" என்பார் காதர் பாய்.

தொழிலில் அவர் எனக்குச் சொன்னது இரண்டே விஷயம். குழாய் எப்போதும் ரோட்டைப் பார்க்க வேண்டும் என்பது ஒன்று. "கல்யாணத்துக்கு வந்தவனுக்கு மாப்ள மொகமே தெரியும். வராதவனுக்குத்தான்டா குழாய்." இன்னொன்று, பேசுகிறவர் வாயை மூடும்வரை நம் கை சுவிட்சுப் பக்கம் போகக் கூடாது என்பது. எப்போதோ ஒரு கூட்டத்தில் யாரோ சொன்னார்கள் என்று பாதிப் பேச்சில் அணைத்து, நாற்காலி பறந்து, அவர் புருவத்தில் ஒரு வெட்டு விழுந்திருந்தது. சொல்லும்போது அந்தத் தழும்பைத் தடவிக்கொள்வார். பாதிப் பேச்சு முழுப் பேச்சைவிட மோசம் என்று அவர் சொன்னது அன்றைக்கு எனக்கு வெறும் தொழில் விஷயமாகத்தான் பட்டது.

அறுபத்திரண்டோ, அறுபத்துமூன்றோ. வடமதுரைக்குப் போகும் ரோட்டில், சந்தைத் திடலைத் தாண்டி, புதிதாக ஒரு கல்லூரி வந்திருந்தது. லாரியும் வெங்காய மண்டியும் வைத்திருந்த ஒரு பெரிய முதலாளி ஆரம்பித்தது. அவருடைய மேனேஜர் ஒருநாள் கடைக்கு வந்தார்.

"மாநாட்டுக்கு மைக் வேணும் பாய். ரெண்டு நாளு."

"எந்தக் கச்சி?"

"கச்சி இல்ல. காலேஜு வாத்தியாருக மாநாடு. பல ஊர்லருந்து வாராக. அரசியல் பாடத்தை எப்படி நடத்துறதுன்னு பேசப் போறாக."

காதர் பாய் வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "அரசியலை நடத்துறவனெல்லாம் யாரையும் கேக்காமத்தானே நடத்துறான். இவுக எதுக்கு ரெண்டு நாளு பேசுறாக?"

மேனேஜர் சிரிக்கவில்லை. "ஊரே கேக்கணும்னு முதலாளி சொல்லிருக்காரு" என்று மட்டும் சொன்னார்.

மாநாடு என்றால் எனக்குத் தெரிந்தது தோரணவாயில், கொடி, ஊர்வலம், உண்டியல். அதனால் நாதஸ்வர ரெக்கார்டுகளை ஒரு பெட்டி நிறைய எடுத்துக்கொண்டு போனேன். அங்கே ஒரு கூடத்தில் நாற்காலிகள், மேடையில் பச்சைத் துணி விரித்த மேஜை, கண்ணாடி டம்ளரில் தண்ணீர். கண்ணாடி போட்டவர்களாக ஐம்பது பேர் இருந்தால் அதிகம். வெறும் வாயால் பேசினாலே கடைசி நாற்காலிவரை கேட்கும். என் ரெக்கார்டுப் பெட்டியைப் பார்த்த ஒருவர், அது என்ன புத்தகமா என்று கேட்டார். வெட்கத்தில் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

முதலாளியே வெளியே வந்து வேப்பமரத்தைக் காட்டினார். "ஒன்ன ரோட்டப் பாக்கக் கட்டு. இன்னொன்ன சந்தையப் பாக்கக் கட்டு. இம்புட்டுப் பெரிய புரொபசருக எங் காலேஜுக்கு வந்திருக்காகன்னு சந்தைக்கு வாரவனுக்குத் தெரிய வேண்டாமா?" அவர் சொன்னபடியும் காதர் பாய் சொன்னபடியும் கட்டினேன். இரண்டு பேர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது.

முதல் நாள் முழுக்க இங்கிலீஷ். ஒருவர் எழுதி வந்ததைப் படிப்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், பிறகு ஒருவர் எழுந்து வேறு எதையோ சொல்வார். எனக்குப் பிடிபட்டது 'சிட்டிசன்', 'சிலபஸ்' என்ற இரண்டு சொற்கள்தான். வெளியே அந்த இங்கிலீஷ் வெங்காய வயல்களின் மேல் போய்க்கொண்டிருந்தது. எதிரே டீக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, காலையிலருந்து ஒருத்தருமே பாடலயே. உள்ளே யாருக்காச்சும் ஏதாச்சும் ஆகிப்போச்சா?"

"இல்லண்ணே, பாடம் நடத்துறதப் பத்திப் பேசுறாக."

"நடத்துறதப் பத்தி நடத்துறாகளா? நடுவுல ஒரு பாட்டப் போடுய்யா, யாவாரம் படுத்துப்போச்சு."

மதியத்துக்குமேல் ரோட்டுக் குழாய் லேசாகக் கரகரத்தது. ஏறிச் சரிசெய்துவிட்டு இறங்கும்போது, கீழே ரோட்டோரச் சின்னப் பாலத்துக் கட்டையில் ஒரு வாலிபன் மடியில் புத்தகங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மெலிந்த ஆள். வெள்ளைச் சட்டையின் காலர் திருப்பித் தைத்திருந்தது. "இப்ப நல்லா கேக்குதுண்ணே" என்றான். உள்ளே போய்க் கேட்கலாமே என்றேன். "உள்ள விட மாட்டாகண்ணே" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் பார்க்க ஆரம்பித்தான். ஏன் என்று கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை.

யார் அவன் என்பதை மாரப்பன் சார் சொன்னார். அவர் அந்தக் கல்லூரியில் அரசியல் பாடம் எடுத்தவர், தொப்பம்பட்டிப் பக்கத்து ஆள், என் வயதுதான் இருக்கும். டீ கொடுத்த நேரத்தில் எல்லோரும் கும்பலாக நிற்க, இவர் டம்ளரோடு வந்து நான் உட்கார்ந்திருந்த படியில் உட்கார்ந்தார். மைக்குக்காரனைப் போய் 'ங்க' போட்டுப் பேசிய முதல் ஆள் அவர்.

"ஏனுங்க, காலையிலிருந்து கேக்கறீங்களே, ஏதாச்சும் புரிஞ்சுதுங்களா?"

"எனக்கு எல்லாமே ஒண்ணாத்தான் சார் கேக்குது."

"எனக்கும் அப்படித்தானுங்க" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

தேர்தல் என்றால் என்ன என்று வகுப்பில் அவர் பாடம் எடுத்திருக்கிறார். சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, பரீட்சையில் அதையே திருப்பி எழுதுவதுதான் வழக்கமாம். அதில் அவருக்குச் சலிப்பு. ஒரு மண்கலயத்தை வாங்கிவந்து மேஜையில் வைத்து, வகுப்புத் தலைவனுக்கு நிஜமாகவே ஓட்டுப் போடச் சொன்னாராம். முதலாளியின் தங்கை மகனும் அந்த வகுப்பில் படித்தான். கலயத்தைக் கவிழ்த்து எண்ணினால் ஜெயித்தது வேலுச்சாமி, ஒரு வெங்காயக் குடியானவர் மகன். இரண்டாம் நாளே தலைவனாகத் தங்கை மகன் பெயரை எழுதிப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். வேலுச்சாமி நேரே அலுவலகத்துக்குப் போய், ஜெயித்தது நான், ஏன் வேறு பெயர் என்று கேட்டிருக்கிறான். சத்தம்கூடப் போடவில்லையாம். ஒழுங்கீனம் என்று நீக்கிவிட்டார்கள்.

"பாலத்துல உக்காந்திருக்கானே, அவன்தானுங்க. தெனமும் புஸ்தகத்தோட வந்து அங்கதான் உக்கார்றான். ரெண்டு மாசத்துல பரீட்சை. அதுக்காச்சும் உட்டுருங்கன்னு கேட்டுப் பாத்துட்டனுங்க."

மறுநாள் மதியம் அவர் பேச வேண்டிய முறை. கலயத்தைப் பற்றிப் பேசலாம், பையனைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று மேனேஜர் சொல்லியிருந்தாராம். திறந்தால் வேலை போய்விடும். வெளியூரிலிருந்து வந்த ஒரு பெரிய பேராசிரியரிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார். மாநாடு பாடம் நடத்தும் முறையைப் பற்றித்தான், நிர்வாகத்தைப் பற்றி அல்ல, இதையெல்லாம் கூடத்துக்கு வெளியே கொண்டுபோகாதீர்கள் என்றாராம் அவர்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாரப்பன் சார் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"நாளைக்குச் சந்தையுங்களா?"

"ஆமா சார்."

"அந்தக் குழாய் எந்தப் பக்கமுங்க பாத்துட்டு இருக்குது?"

"சந்தைப் பக்கம் சார்."

"நாலு பேர் காதுல உழுந்தா நாலு பேர் வந்து கேப்பாங்கல்லங்க?" என்றார். என்னைக் கேட்டாரா, தன்னைத்தானே கேட்டாரா தெரியவில்லை. நான் தலையை ஆட்டினேன். அப்போது எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஊர் கேட்டால் ஊர் சும்மா இருக்காது என்று அந்த நாளில் எல்லோருமே நம்பிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் சந்தை நிறைந்திருந்தது. காற்று திரும்பும்போதெல்லாம் கூடத்துக்குள் வெங்காய நெடி வந்தது. பேராசிரியர்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்கள். பாலத்துக் கட்டையில் அன்றைக்கு வேலுச்சாமி இல்லை. மதியம் மாரப்பன் சார் கலயத்தைக் கொண்டுவந்து பச்சைத் துணிமேல் வைத்தார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள், கெட்ட சிரிப்பு இல்லை. இங்கிலீஷில் கொஞ்ச நேரம் படித்தார். பிறகு காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மைக்கை நெருங்கி வந்து, தமிழில் பேச ஆரம்பித்தார்.

"என் வகுப்பில் வேலுச்சாமி என்று ஒரு மாணவன் இருந்தான். இப்போது அவன் இந்தக் கல்லூரியில் இல்லை. போன மாதம் அவனை இங்கிருந்து நீக்கிவிட்டார்கள். ஏன் நீக்கினார்கள் என்றால்..."

மேனேஜர் என் தோளைப் பிடித்து உலுக்கியபடி நின்றார். "ஆஃப் பண்ணுடா."

"பேசி முடிக்கட்டும் சார், நடுவுல அணைக்கக் கூடாது" என்றேன். என் வாழ்நாளில் ஒரு பெரிய மனிதரை எதிர்த்து நான் சொன்ன ஒரே வாக்கியம் அது. அதையும் தரையைப் பார்த்துத்தான் சொன்னேன். அவர் என்னைத் தள்ளிவிட்டுக் குனிந்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார்.

வால்வு செட்டில் கரண்ட் போனால் சத்தம் பட்டென்று நிற்காது. உள்ளே சூடு இருக்கும்வரை இழுத்துக்கொண்டே போய், கிணற்றுக்குள் இறங்குவது போல இறங்கும். 'என்றால்' என்ற சொல் அப்படித்தான் சந்தைமேல் இறங்கிப் போனது. மாரப்பன் சார் நிறுத்தவில்லை. வெறும் வாயால் மிச்சத்தையும் சொன்னார். ஐம்பது பேருக்கும் கேட்டது. மேடை ஓரத்தில் இருந்த எனக்கும் கேட்டது. சொல்லி முடித்துக் கலயத்தை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிப் போனார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தலைமை தாங்கியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தேநீர் என்றார்.

தேநீருக்குப் பிறகு பிளக்கைத் திரும்பச் செருகச் சொன்னார்கள். அரசியல் பாடத்தை ஏட்டில் மட்டும் வைக்காமல் செயல்முறையாகவும் நடத்த வேண்டும் என்று ஒரு தீர்மானம் போட்டு, எல்லோரும் கைதூக்கினார்கள். தமிழிலும் அதைப் படித்தார்கள், அதனால் எனக்குப் புரிந்தது. பிறகு முதலாளிக்கு நன்றி சொன்னார்கள். அந்த நன்றி முழுசாகச் சந்தைக்குக் கேட்டது. படம் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் ஒயரைச் சுற்றும்போது பார்த்தேன். பந்தி பரிமாறியவர்கள் அந்தக் கலயத்தில் கைகழுவத் தண்ணீர் வைத்திருந்தார்கள்.

மாரப்பன் சாரை அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வண்டி ஏறும் முன் கடைக்கு வந்தார். "எதுவரைக்கும் வெளிய கேட்டுச்சுங்க?" என்று மட்டும் கேட்டார். 'ஏன் நீக்கினார்கள் என்றால்' வரைக்கும் என்றேன். "அதுக்கப்புறம்தானுங்களே இருந்துச்சு எல்லாம்" என்றார்.

சந்தையில் என்ன நடந்தது என்பது அவருக்கும் எனக்கும் பிறகுதான் தெரிந்தது. சில வாரம் கழித்து, காலையில் கடை திறந்ததிலிருந்து எதிர்வரிசையில் ஒரு பெரியவர் தோளில் காலிச் சாக்கோடு நின்றுகொண்டே இருந்தார். வாடகைக்கு வந்தவர்கள் போன பிறகு மெதுவாக வந்தார்.

"அன்னிக்கிக் காலேஜுல கொழாய் கட்டுனது நீதானா அப்பு?"

"ஆமாங்கய்யா."

"நான் வேலுச்சாமி அப்பன். பெருமாளு."

வேலுச்சாமி தன்னை நீக்கியதை வீட்டில் சொல்லவே இல்லை. தினமும் கட்டுச்சோற்றோடு கிளம்பி வந்திருக்கிறான். அன்றைக்குப் பெருமாள் ஐயா வெங்காய மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தபோது, வானத்திலிருந்து விழுந்தது போல மகன் பெயர் கேட்டிருக்கிறது. முதலில் பரிசு ஏதோ கொடுக்கிறார்கள் என்று நினைத்தாராம். பக்கத்தில் இருந்தவர்களைக் கையமர்த்தி, "எம் மவன், எம் மவன்" என்றாராம். அடுத்து 'நீக்கிவிட்டார்கள்' வந்தது. பிறகு ஒன்றுமே வரவில்லை. சந்தையே அவரைப் பார்த்தது. குழாயில் பெயர் சொல்லி, மேலே சொல்ல நாக்கூசி நிறுத்திவிட்டார்கள் என்றால் அவன் என்ன செய்திருப்பான்? திருட்டு என்றான் ஒருவன். பெண் விவகாரம் என்றான் இன்னொருவன். அவர் மூட்டையை அப்படியே போட்டுவிட்டு நடந்தார்.

"விளக்கு வைக்கையில வந்தான். எங்கடா போயிட்டு வாரன்னேன். காலேஜுக்குன்னான். தெருவே பாத்துக்கிட்டு நிக்கிது. அடிச்சிட்டேன் அப்பு. கையில மாட்டுக் கவுறு இருந்துச்சு." சாக்கை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "சட்டைய மாத்திக்கிட்டு வெளிய போனவன்தான்."

ரயிலடியில் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னாராம், பழனி பஸ்ஸில் பார்த்தேன் என்று இன்னொருவர். அவன் வரவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, எப்போதுமே வரவில்லை. மாரப்பன் சார் விஷயம் கேள்விப்பட்டு இரண்டு முறை அந்த ஊருக்குப் போய்க் கும்பிட்டு நின்றிருக்கிறார். பெருமாள் ஐயா அவரை வாசலோடு அனுப்பிவிட்டார்.

"படிச்சவுக எது வேணும்னாலும் சொல்லுவாக. நீ மைக்குக்காரன். ஒன் சரக்கச் சேக்க மாட்ட, கேட்டதத்தான் சொல்லுவ. கொழாய் நின்னதுக்கப்புறம் அந்த வாத்தியாரு என்ன சொன்னாரு?"

ஒன்று, இரண்டு, மூன்று சொல்லத் தெரியாதவன் நான். காதர் பாய் எழுந்து முதுகைத் திருப்பிக்கொண்டு ரெக்கார்டுகளைத் துடைக்க ஆரம்பித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, ஞாபகம் இருந்ததை இருந்தபடியே சொன்னேன். கடைசி வாக்கியத்தில் அவர் என் கையைப் பிடித்தார்.

"என்னையவா சொன்னாரு? என்னையப் பத்தியா?"

"ஆமாங்கய்யா."

"நான் அங்கதான அப்பு நின்னேன். கூப்பிடு தூரம்."

அதன்பிறகு அவர் சந்தைக்கு வரும்போதெல்லாம் கடைக்கும் வருவார். வெங்காயம் ஒரு கை அள்ளி மேஜையில் வைப்பார். "செத்த நேரம் இருக்குமா அப்பு? இன்னொரு தரம் சொல்லு." சொல்வேன். ஒருமுறை வேலை அவசரத்தில் வேகமாகச் சொன்னபோது, "நடுவுல ஒண்ண விட்டுட்ட" என்றார். அவருக்கே மனப்பாடம் ஆகியிருந்தது. ஆனாலும் தன் வாயால் சொல்லிக்கொண்டால் போதவில்லை, இன்னொருவர் வாயிலிருந்து வர வேண்டும்.

ஒரு பங்குனியில் அவர் ஊர்த் திருவிழாவுக்கு எங்கள் செட்டுதான். கட்டி முடித்ததும் வந்து நின்றார். "ஒரே ஒரு தரம், இதுல சொல்லிரு அப்பு. இந்த ஊரும் கேட்டுக்கிறட்டும்." நாள் முழுக்கத் தள்ளிப்போட்டுப் பார்த்தேன். வெயில் தாழ்ந்ததும் மைக்கைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை. என் குரல் குழாயில் முழுசாக வந்தது அந்த ஒரு தடவைதான். பாதியிலேயே, "யாருய்யா அது, பாட்டப் போடு" என்று சத்தம் வந்தது. பொங்கல் பானையைச் சுற்றி நின்ற பெண்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முடித்துக் கண்ணைத் திறந்தேன். பெருமாள் ஐயா மட்டும் குழாய்க்கு நேர்கீழே, வெறும் தரையில், சந்தைக்கு வந்தவர் போலச் சாக்கைத் தோளில் போட்டபடி உட்கார்ந்திருந்தார். காதர் பாய் பாட்டைப் போட்டார்.

அந்தக் கல்லூரி நாலைந்து வருஷம் ஓடி நின்றுவிட்டது. கூடத்தில் இப்போது வெங்காயம் அடுக்கியிருக்கிறார்கள். வேப்பமரம் ரோடு அகலப்படுத்தும்போது போயிற்று. மாரப்பன் சார் ஊரில் ஒரு டுட்டோரியலில் இங்கிலீஷ் இலக்கணம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார், அரசியலை மறுபடி நடத்தவில்லை. மஞ்சள் காமாலையில் போய்விட்டார். காதர் பாய் கண்ணை மூடியதும் அவர் பிள்ளைகள் கடையை விற்றுவிட்டார்கள். டிரான்சிஸ்டர் செட்டு வந்துவிட்டது. சுவிட்சைத் தட்டினால் உடனே பேசுகிறது, உடனே நிற்கிறது, வாசனையே கிடையாது. நான் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறேன். அங்கேயும் பெருமாள் ஐயா தேடி வந்துகொண்டுதான் இருந்தார். போன மார்கழியில் வரவில்லை. அவர் ஊர்க்காரர் ஒருவர் டியூப் மாற்ற வந்தபோது, "அந்தக் கெழவரு போய்ச் சேந்துட்டாரே, ஒமக்குத் தெரியாதா?" என்றார்.

இனி என்னிடம் வந்து கேட்க ஆள் இல்லை. போன வாரம் அந்தக் குழாயைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, இரண்டு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு சொல் முன்னே பின்னே ஆகிறது. திருத்திச் சொல்ல அவர் இல்லை. அதனால்தான் இந்தக் கோணல் எழுத்தில் உட்கார்ந்தேன். வேலுச்சாமி எங்காவது இருந்தால் அவனுக்கும் வயது நாற்பதுக்குமேல் ஆகியிருக்கும். குழாய் நின்ற பிறகு மாரப்பன் சார் சொன்னது இதுதான்:

"ஏன் நீக்கினார்கள் என்றால், நான் நடத்திய பாடத்தை அவன் நம்பினான். மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள், இவன் நம்பினான். அவன் திருடவில்லை, பொய் சொல்லவில்லை, யார்மேலும் கை வைக்கவில்லை. ஜெயித்தது நான், ஏன் வேறு பெயர் என்று கேட்டான். அதற்குப் பதில் புத்தகத்தில் இருக்கிறது, நம் ஒருவரிடமும் இல்லை. அவனைப் பெற்றவர் இங்கே பக்கத்தில்தான் எங்கேயோ வெங்காயம் போடுகிறார். அவரை நான் பார்த்ததில்லை. பார்த்தால் ஒன்று சொல்வேன். ஐயா, உங்கள் மகன் நன்றாகப் படித்தான்."

திண்டுக்கல்,
1983, தை மாதம் 3ஆம் தேதி.